சத்தம் எட்டாத இடம் தேடும் தேவிஸ்ரீ

செம்பனை மர வரிசை முடியும் இடத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, தேவிஸ்ரீ கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொள்கிறாள். எங்கோ மரம் அறுக்கும் மெஷின் கேட்கிறது. “இது சரிப்படாதுலா” என்று உதட்டைப் பிதுக்கியபடி மறுபடியும் சாவியைத் திருகுகிறாள்.

ஆயர் குரோவில் இரும்புத் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. காதை அடைத்துக்கொண்டாலும் அந்த இரைச்சல் பல் வழியாக ஏறும். வீட்டுக்கு வந்தால் கொல்லைப்புறத்தில் நெடுஞ்சாலை. வாரக் கடைசியில் அக்கம்பக்கத்தார் கடைகடையாக ஏறி இறங்கும்போது, இவள் கூடாரமும் பாராங் கத்தியுமாக, குழாயோ கழிப்பறையோ ஃபோன் லைனோ இல்லாத காட்டைத் தேடிக் கிளம்பிவிடுகிறாள். மலாக்கா கையகல மாநிலம். எந்தப் பக்கம் நடந்தாலும் யாரோ ஒருவருடைய தோட்டத்தில் போய் முட்டும். அதில் இப்படி ஓர் இடம் தேட அசாத்தியப் பிடிவாதம் வேண்டும். அது அவளிடம் தாராளமாகவே இருக்கிறது.

நிலத்துக்காரரைக் கேட்காமல் எந்த வேலியையும் தாண்டமாட்டாள். காட்டுக்குள் கால் வைக்குமுன் அங்கே குடியிருக்கும் காவல் தெய்வமான டத்தோவிடமும் வாய்விட்டுக் கேட்பாள். “டத்தோ, ஒரு நாள் இருந்துட்டுப் போயிடறேன். குப்பை போடமாட்டேன்.” ஓடையை ஒட்டிக் கூடாரம் போடமாட்டாள்; மலையில் மழை பிடித்தால் கீழே தண்ணீர் சொல்லாமல் வரும். தலைக்கு மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று கழுத்து வலிக்கப் பார்ப்பாள்.

இவ்வளவு கெட்டிக்காரிக்கும் ஒருமுறை சறுக்கியது. செலண்டாருக்கு அப்பால், ஜனம் காலிசெய்துவிட்டுப் போன ஒரு தோட்டத்தின் கோடியில், பெரிய மரத்தடியில் புல் பூண்டு இல்லாத சமதரை. ஆசையாகக் கூடாரம் அடித்துவிட்டாள். விடிந்ததும் சேவலும் பொங்கல் பானையுமாக வேன்கள் வந்து நின்றன. பழைய தோட்டத்து ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை முனியாண்டிக்குப் படைக்கிற இடமாம் அது. முந்தின நாள்தான் வந்து பெருக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற சூலத்தை இவள் கவனிக்கவில்லை. ஏச்சு விழப்போகிறது என்று கூனிக் குறுகி நின்றவளை வெங்காயம் உரிக்க உட்காரவைத்துவிட்டார்கள். “சுத்தமா இருக்குன்னு ஏமாந்துட்டேன்” என்று இன்றும் சிரிக்கிறாள்.

ஒருவழியாக இப்போது மனதுக்குப் பிடித்த இடம் அகப்பட்டிருக்கிறது. லேடாங் மலையடிவாரத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே. தண்ணீர் ஓடுவதைத் தவிர வேறு சத்தமே கிடையாது. கணவன் யுகேந்திரனுக்குக்கூடத் திசையை மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். ஒருவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும், பிறகு பாட்டுப்பெட்டியோடு வந்து இறங்கிவிடுவார்கள் என்ற பயம். இது கைவிட்டுப் போனால் இன்னொன்று கிடைக்காது என்பது அலைந்து களைத்த அவளுக்குத் தெரியும்.

போன மாதம் பக்கத்து மெஷினில் நிற்கும் மலர்க்கொடி, சாப்பாட்டு வேளையில் மெல்லக் கேட்டாள். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரையும் பார்த்துக்கொண்டு வேலைக்கும் வருகிறவள் அவள்.

“அக்கா, ஒரு நாளாச்சும் யாரும் என்னைக் கூப்பிடாத இடத்துல இருக்கணும்க்கா.”

தேவிஸ்ரீக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் தன் பாறை இடத்துக்கே அழைத்துப் போய், மரங்களுக்கு நடுவே தூளி கட்டிக் கொடுத்து, வழி தவறினால் தேடி வரும்போது ஊத ஒரு விசிலையும் கையில் வைத்துவிட்டு, தான் மட்டும் நெடுந்தூரம் திரும்பி நடந்தாள். கூட ஆள் இருந்தால் மரியாதைக்காவது பேச வேண்டியிருக்குமே. செம்பனை லாரிகள் காது கிழியப் போகும் சாலையோரத்தில், ஒற்றையடிப் பாதை தெரியாதபடி காரைக் குறுக்கே நிறுத்தி உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் ஒரு ஃபோர்வீல் ஜீப் வந்து நின்றது. உள்ளே ஐஸ் பெட்டி, அலறும் பாட்டு, நான்கைந்து பேர். காட்டுக்குள் போனால் குளிக்க ஆறு இருக்கிறதா என்று ஒருவன் தலையை நீட்டி விசாரித்தான்.

பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. கார்க் கதவைத் திறந்து, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, காட்டுக்குள் அட்டை கடித்து இன்னும் ரத்தம் வழிந்துகொண்டிருந்த காலை அவர்கள் பக்கம் நீட்டினாள்.