ஆறடியில் நீர்நாய்

கேமரா லென்ஸ்களை வாடகைக்கு விடும் அந்தக் கடையில் அவளுக்கு ‘எத்தனையடி அக்கா’ என்று பெயர். என்ன விலங்கைப் படம் எடுக்கப்போகிறீர்கள் என்று யாரையும் கேட்கமாட்டாள். அது எத்தனை அடி தூரத்தில் நிற்கும் என்றுதான் கேட்பாள். பதில் தெரியாதவர்களை, விசாரித்துவிட்டு வாங்க என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். கடை முதலாளி அவளுடைய சித்தப்பா. வியாபாரத்தைக் கெடுக்கிறாளே என்று அவர் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை. ஆனால், எடுத்துப்போன லென்ஸ் சரிப்படவில்லை என்று ஒருவர்கூட அவளிடம் சண்டைக்கு வந்ததில்லை.

அப்படிப்பட்டவள் அன்று அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

வந்தவர் பெரிய புகைப்படக்காரர். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அவரிடம் தொழில் கற்றுக்கொள்ளப் போயிருந்தாள். மூன்று நாள் இடுப்பளவு சேற்றில் நின்று, குட்டியை வாயில் கவ்விக்கொண்டு நீந்தும் நீர்நாயைப் படம் எடுத்தாள். பார்த்துச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்ட மனிதர், அதைத் தன் பெயரில் போட்டிக்கு அனுப்பி முதல் பரிசு வாங்கினார். கேட்கப் போனபோது, “பட்டனை யாரு அமுக்கினா என்னம்மா, கத்துக்கொடுத்தது நான்தானே” என்றார். அந்தப் படம் அவருடைய ஸ்டுடியோ வாசலில் இன்றும் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. அவள் வேலைக்கு வரும் பஸ் அந்த வழியாகத்தான் போகும். தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வயிறு எரியும்.

அந்த மனிதருக்கு இப்போது அவளை அடையாளம்கூடத் தெரியவில்லை.

“ஆத்தோரத்துல மறைஞ்சு உக்காந்து படம் எடுக்க மரக்கூண்டு ஒண்ணு புதுசா போட்டிருக்காங்களாம். நீர்நாய் குட்டிங்களோட வருதாம். நாளன்னைக்கு நான் போறேன். இருக்கறதுலயே பெரிய லென்ஸ் கொடும்மா, அறுநூறு எம்.எம்.” என்றார்.

அந்தக் கூண்டு அவளுக்குத் தெரியும். போன மாதம்தான் போய் அளந்துவிட்டு வந்தாள். சன்னலுக்கும் தண்ணீருக்கும் ஆறடி. அறுநூறு எம்.எம். லென்ஸில், பதினைந்து அடிக்கு உள்ளே எது வந்தாலும் வெறும் மங்கல்தான்.

“கூடவே சின்னதா ஒண்ணு எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார்.

“உங்களுக்கு எதுக்கு சார் அதெல்லாம்? புதுசா கத்துக்கறவங்க கேட்டு வாங்குவாங்க. வீண் சுமை.”

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் போனதும் சித்தப்பா கேட்டார். “ஏம்மா, இவரை மட்டும் எத்தனை அடின்னு கேக்கலையே?”

“அவருக்குத் தெரியாததா, சித்தப்பா” என்றாள். பிறகு கூண்டுக்காரருக்குப் போன் போட்டு, அதே நாளில் காலியாக இருந்த இன்னொரு இருக்கையைத் தனக்குப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நாள் விடியும்போது கூண்டுக்காரர் இருவரின் போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். இனி உச்சிப்பொழுதுக்குத்தான் திறப்பார். நடுவில் ஆள் நடமாட்டம் இருந்தால் நீர்நாய் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காது.

வெயில் ஏறியதும் தாய் வந்தது, பின்னாலேயே இரண்டு குட்டிகள். சன்னலுக்கு நேர் கீழே மீனைப் போட்டு மூன்றும் பங்கு பிரித்தன. அவருடைய லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து உறுமியது, எதுவும் தெளியவில்லை. முதுகு பின்பலகையில் முட்டும்வரை நகர்ந்து பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. பக்கத்தில் இருந்தவளின் மடியில் சின்ன லென்ஸ் மாட்டிய கேமரா இருந்தது.

“அந்த லென்ஸைக் கொஞ்சம் குடும்மா. ரெண்டே நிமிஷம்” என்று கிசுகிசுத்தார்.

“என்னோட நீர்நாய் ஒண்ணு ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கு, சார். அன்னைக்குச் சேத்துல நின்ன பொண்ணு நான்தான்.”

அவர் முகம் செத்துப்போனது. வாயைத் திறந்தார். அவள் உதட்டில் விரலை வைத்து, “பேசாதீங்க, ஓடிடும்” என்றாள். அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். எட்டு வருஷ எரிச்சலும் அடங்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். குட்டிகள் ஒன்றையொன்று துரத்தி விளையாடும் சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

“உனக்கு எத்தனை படம் கிடைச்சது?” என்றார் அவர்.

அப்போதுதான் அவள் குனிந்து மடியைப் பார்த்தாள். லென்ஸ் மூடியையே அவள் கழற்றியிருக்கவில்லை. வெளியே தண்ணீர் காலியாகக் கிடந்தது. கதவு திறக்க இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.