பஞ்சு வைத்த ஷூ

என் மகளுக்கு மூன்றரை வயது. போன ஜூனில், மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பிளே ஸ்கூலில் சேர்த்தோம். ஒரு மாதம் கழித்து, மலையாளம் கலந்த தமிழில் பேசுகிற டீச்சர் என்னை வாசலில் நிறுத்தினார்.

"சேச்சி, மோளு களிக்க வர்றதில்லையே. மத்த பிள்ளைங்க ஓடும்போது அவ மட்டும் போயி மூலையில இருக்கா. காலுக்கு எதாவது குழப்பம் உண்டோ? ஒரு டாக்டரைக் காட்டிக்கோ."

எங்களுடையது ஒற்றை அறை வீடு, அதில் ஓட இடம் ஏது? அவள் கடைசியாக எப்போது ஓடினாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்காரர் மிளகுக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவர். சொன்னதும் எடுத்த எடுப்பிலேயே, "உங்க வீட்டுல யாருக்காச்சும் கால் வளஞ்சிருக்கா?" என்றார்.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் நேராத்தான் இருக்கு. உங்க வீட்டுலதான் புத்தி வளஞ்சிருக்கு."

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் அவள் காலைப் போய்ப் பார்க்கத் தோன்றியது. முட்டியை மடக்கிப் பார்த்தேன், கணுக்காலைத் திருகிப் பார்த்தேன். அவளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினதுபோலச் சிரிப்பு வந்தது.

நான் பிராட்வேயில் ஒரு செருப்புக் கடையில், குழந்தைகள் பகுதியில் வேலை பார்க்கிறேன். ஆறு வருஷமாக ஊரார் பிள்ளைகளின் காலைப் பிடித்துத்தான் எனக்குப் பிழைப்பு. கடையில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது ஒரே ஒரு பேச்சு. கேட்ட சைஸ் இல்லையென்றால் பெரியதை எடுத்து, "வளர்ற பிள்ளைதானே, நாளைக்குச் சரியாயிடும்" என்று சொல்ல வேண்டும். ரொம்பப் பெரிதாக இருந்தால் முன்னால் கொஞ்சம் பஞ்சு திணித்துக் காட்ட வேண்டும். ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அமுக்கி, "இடம் இருக்கு பாருங்க" என்று சொன்னால் எந்தத் தாயும் தலையாட்டுவாள்.

பள்ளியில் கறுப்பு ஷூ கட்டாயம் என்றார்கள். மகளுக்கு ஏழாம் நம்பர் கால். நான் ஒன்பது எடுத்தேன். பஞ்சு வைத்தேன். அடுத்த வருஷத்துக்கும் ஆச்சு என்று ஒரு கெட்டிக்காரத்தனம். முதல் நாள் மாட்டிவிடும்போது, "எங்கயாச்சும் கழண்டு விழுந்துச்சு, தோலை உரிச்சிடுவேன்" என்றும் சொல்லி அனுப்பினேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் என் கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் லீவு போட்டேன். விளையாட்டு நேரத்தில் பள்ளி கேட்டுக்கு வெளியே நின்றேன். மழை விட்டிருந்தது. முற்றத்து டைல்ஸில் பாசி. பிள்ளைகள் சறுக்குமரத்தை மொய்த்தன. என் மகளும் போனாள். காலைத் தூக்கவே இல்லை. அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு குளியலறைக்குப் போகிற மாதிரி, தரையோடு தேய்த்துக்கொண்டே போனாள். இரண்டு படி ஏறினாள். ஷூவின் முனை படியில் இடித்தது. கம்பியை இறுக்கிப் பிடித்து அப்படியே நின்றாள். பின்னாலிருந்த பையன், "கேறு, கேறு" என்று அவளை ஏறச் சொல்லி முதுகில் குத்தினான். இறங்கி மூலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

நான் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். ஷூவை உருவினேன். பஞ்சு மழையில் ஊறி, காய்ந்து, கல் மாதிரி கிடந்தது. ஐந்து விரலும் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. ஷூவைக் கழற்றின பிறகும் நிமிரவில்லை. மடங்கின கணுவெல்லாம் சிவப்பு.

"ஏன் பாப்பா விரலை மடக்குற?"

"விட்டா ஷூ போயிடும்மா. போனா நீ அடிப்ப."

டீச்சர் பக்கத்தில் வந்து நின்று, "டாக்டரைக் காட்டியோ?" என்று கேட்டார். யார் மேல் கோபப்படுவது? கடை மேலா? கடை என்னைச் சொல்லச் சொன்னது உண்மைதான். என் பிள்ளைக்கும் அதையே செய் என்று யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

அன்று சாயங்காலமே அவளைக் கடைக்குக் கூட்டிப்போய், நிற்க வைத்து அளந்தேன். உட்கார்ந்தபோது இருந்ததைவிட நின்றபோது கால் கொஞ்சம் நீண்டது. கடையில் நாங்கள் யாரையும் நிற்க வைப்பதில்லை, நேரமாகும். கையால் வளைத்தால் முன்பக்கம் வளைகிற, அடியில் பிடிமானமுள்ள, பட்டை போட்டு இறுக்குகிற ஷூவாகத் தேடினேன். கறுப்பில் இல்லை. நீலம் கிடைத்தது. டீச்சர் கேட்டால் கேட்கட்டும்.

மறுநாள் ஒரு அம்மா இரண்டு வயதுப் பையனோடு வந்தாள். அவன் சைஸ் இல்லை. கல்லாவிலிருந்து முதலாளி கண்ணைக் காட்டினார்.

"இல்லைங்க. வேற கடையில பாருங்க" என்றேன்.

அந்த அம்மா என்னை முறைத்தாள். "பெருசு இருக்குல்ல? வளர்ற பிள்ளைக்குப் பெருசாத்தான எடுக்கணும்? பஞ்சு வச்சுத் தாங்க."

"விழுவான்."

"என் பிள்ளை எனக்குத் தெரியாதா?"

முதலாளி எழுந்து வந்து, அவரே பஞ்சைத் திணித்து, பெட்டியில் போட்டுக் கொடுத்தார். அவள் போனதும் என்னைப் பார்த்தார். "என்ன, நாளையிலேர்ந்து எதிர்க்கடைக்கு ஆள் பிடிக்கிற வேலையா உனக்கு?"

"ஆமா. அங்க கமிஷன் நல்லாத் தர்றாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் எந்தப் படியில் இடிப்பானோ என்று நாள் முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நீல ஷூ வந்து மூன்று வாரம் ஆகியும் மகளின் விரல்கள் பழைய மாதிரியே மடங்கின. தினமும் சாயங்காலம் ஒவ்வொன்றாக நீவிவிட்டு, "விடு, போகாது" என்பேன். நம்பாமல் என் முகத்தைப் பார்ப்பாள். கழன்றால் அடிப்பேன் என்று அன்றைக்கும், கழலாது என்று இப்போதும் அவளிடம் சொன்னது நான்தானே.

நேற்று பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது, மசாலாக் கிடங்குத் தெருவில் ஒரு ஆட்டுக்குட்டி சாக்கை மென்றுகொண்டு நின்றது. என் கையை உதறிவிட்டு அதை நோக்கிப் போனாள். ஆடு ஓடியது. அவளும் ஓடினாள். முட்டி உயர்ந்தது, குதிகால் உயர்ந்தது, ஷூ காலோடு இருந்தது. எதிரே லாரி எதுவும் இல்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில், "ஓடாதடீ, விழுந்துடுவ" என்று கத்திவிட்டேன்.

அவள் சட்டென்று நின்று, குனிந்து ஷூவைப் பார்த்தாள்.

"இல்லடி, இல்ல, ஓடு!" என்று கத்திக்கொண்டே நான் ஓடினேன், அவள் மறுபடி ஓடுகிற வரைக்கும்.