பூப்போட்ட துணி

என் அக்காளைக் கட்டிய மச்சானைக் கடைத்தெருவில் எல்லோரும் 'தகடு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர்த்தகடு வெட்டுவதும் சாவி போடுவதும் தொழில். பைத்தியம் வேறு ஒன்று. போருக்குப் போய் உயிரோடு திரும்பி, பிறகு பிழைப்புக்காகக் கப்பலேறிவிட்ட எங்கள் ஊர்ச் சிப்பாய்களின் பதக்கங்களைத் தேடிச் சேர்ப்பார். அதிகாரிகளின் பதக்கம் ஓசியில் கிடைத்தாலும் தொடமாட்டார். "அவங்களுக்குத்தான் சிலை இருக்கே மாப்ளே" என்பார்.

பதக்கத்தின் விளிம்பில் அதை வாங்கியவரின் பெயர் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். அதைப் பார்க்கும்போது மனிதர் அப்படிக் குழைவார். பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை என்று என் அக்கா புலம்புவாள்.

அன்று நான் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். வயதான அம்மா ஒருவர் வந்து, கைக்குட்டையை அவிழ்த்து ஒரு வெள்ளிப் பதக்கத்தை மேசைமேல் வைத்தார்.

"பேரனுக்கு டாலர் பண்ணணும் தம்பி. ஓரத்துல இருக்கிற பேரை அரத்தால ராவி எடுத்துட்டு அவன் பேரை வெட்டிக் குடுங்க. இருந்து வாங்கிட்டுப் போறேன்."

மச்சான் லென்ஸை மாட்டி விளிம்பைத் திருப்பினார். வெட்டியிருந்த பெயரைப் படித்தார். என் காதில் முணுமுணுத்தார். இதே சிப்பாயின் மற்ற இரண்டு பதக்கங்களும் கடல் கடந்து வந்து மச்சான் வீட்டுப் பெட்டியில் இருந்தன. மூன்றாவதைத் தேடி அவர் ஏறி இறங்காத பழைய சாமான் கடை இல்லை.

"இது யாரும்மா?"

"எங்கப்பா. நான் சின்னப் புள்ளையா இருக்கும்போதே கப்பலேறினவரு. இதை மட்டும் அம்மா கையில குடுத்துட்டுப் போனாரு. அப்புறம் ஒரு கடுதாசி இல்லை. எங்களைத் தலைமுழுகினவரு பேரு எதுக்கு? ராவுங்க."

"எனக்கு வித்துடுங்களேன்..."

"மாட்டேன். உங்களால ஆகாதுன்னா பக்கத்துத் தெருவுல குடுத்துக்கிறேன்."

பக்கத்துத் தெருக்காரன் மிஷினில் வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் பெயர் காணாமல் போய்விடும். மச்சான் அரத்தை எடுத்துவிட்டு அப்படியே நின்றார்.

"போற அன்னைக்கு என் பூப்போட்ட கவுனை வேற கத்தரிச்சு நாசம் பண்ணிட்டாரு. இருந்த நல்ல கவுனே அதுதான். எதுக்குன்னு அம்மாவுக்கும் தெரியல" என்றார் அந்த அம்மா.

மச்சான் அரத்தைக் கீழே போட்டார். என்னை வெளியே இழுத்துப் போனார்.

"மாப்ளே, அந்த ரெண்டு பதக்கமும் பூப்போட்ட துணியிலதான் தொங்கிட்டு வந்துச்சு. பதக்கத்துக்குரிய கோடு போட்ட நாடா இல்லையேன்னு பிச்சுட்டுப் புதுசு கோத்தேன். அந்தத் துணியாலதான் இப்பப் பதக்கமெல்லாம் துடைக்கிறேன்."

பதக்கம் சேர்ப்பவர்களுக்கு இந்த வியாதி உண்டு. நாடாவின் கோடு மாறியிருந்தால் சோறு இறங்காது. வாய் நிறையத் திட்டு வந்தது, நேரமில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அந்தக் கந்தலா? குப்பையோட கட்டி வாசல்ல வச்சிட்டேனே. ஐயோ, வண்டி வந்துருச்சுடா!"

ஸ்கூட்டரை முறுக்கினேன். நான் போனபோது அக்கா குப்பை வண்டிக்காரரோடு பையை இழுத்துப் பிடித்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நடுத்தெருவில் பையைக் கொட்டித் துணியைப் பொறுக்கினேன். பெட்டியிலிருந்த அந்த இரண்டு பதக்கங்களையும் அள்ளிக்கொண்டு கடைக்குப் பறந்தேன்.

அங்கே அந்த அம்மா பதக்கத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பியிருந்தார். மச்சான் வெட்கமில்லாமல் வாசலை மறித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு பதக்கங்களோடு துணியையும் நீட்டினேன். துணி கருத்துப்போயிருந்தது. மச்சான் மடிப்பைப் பிரித்தார். உள்ளே மஞ்சளில் ஒரு சிவப்புப் பூ மிச்சமிருந்தது.

"உங்கப்பா இறந்தப்புறம் அங்க அவரு வீட்டைக் காலி பண்ணினவங்க அனுப்பினதும்மா. அப்பவும் அவரு பதக்கம் இதுலதான் தொங்குச்சு. அழுக்காக்கினது நான்தான்."

அந்த அம்மா துணியை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். நெடுநேரம் முகர்ந்தார்.

"பாலிஷ் வாசனைதான் தம்பி வருது."

மச்சானால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அந்த அம்மா கைக்குட்டையை அவிழ்த்துப் பதக்கத்தை வெளியே வைத்தார். அது இருந்த இடத்தில் துணியை வைத்து முடிந்தார். "பேரை ராவ வேண்டாம். நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மச்சான் அத்தனை காலம் தேடிய மூன்றாவது பதக்கம் மேசைமேல் கிடந்தது. கடை அடைக்கும்வரை அவர் அதைத் தொடவில்லை.