பாக்டீரியாவுக்கு என்ன தீனி

அத்தாவின் கால் கட்டைவிரலில் ஆறாத புண் வந்தபோது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இன்சுலின் போடாவிட்டால் விரலோடு நிற்காது, காலையே எடுக்க வேண்டி வரும் என்றார். தோல் மண்டியில் உப்போடும் வாடையோடும் காலம் தள்ளிய அத்தா ஊசிக்கு மறுத்துவிட்டார். இன்சுலின் பன்றியிலிருந்து வருகிறது என்று எப்போதோ கேட்டது மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உயிருக்குன்னா ஆகும்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிட்டாரு. என் மனசுதான் ஒப்பலைம்மா."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆய்வகத்தில் என் வேலையே அதுதான். பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவை வைத்து, மருந்துக்கான புரதத்தைச் செய்ய வைப்பது. இன்சுலினும் இப்போது அப்படித்தான் வருகிறது என்று உட்கார்ந்து விளக்கினேன். மரபணுவுக்கு ஒரு பூட்டு உண்டு. பாக்டீரியா பெருகும்வரை பூட்டியே கிடக்கும். நாங்கள் சர்க்கரை மாதிரி ஒன்றை ஊற்றினால் திறந்து, புரதம் சுரக்கத் தொடங்கும்.

"சர்க்கரைய ஊத்தி சர்க்கரைக்கு மருந்தா?" என்று அத்தா லேசாகச் சிரித்தார். ஆனாலும் வியாபாரியல்லவா, அதோடு விடவில்லை. "அதுக்கு என்ன தீனி போடுவீக?"

"பால்ல இருந்து எடுத்த சத்துதான் அத்தா."

அது பாதி உண்மை. பால் புரதத்தைச் செரிக்கவைக்கும் நொதி பன்றிக் கணையத்திலிருந்து எடுத்தது என்று எங்கள் ஆய்வகத்துத் தீனி டப்பாவோடு வந்த தாளில் இருந்தது. மருந்து கம்பெனிகள் எதைப் போட்டு வளர்க்கின்றன என்பது எனக்குத் தெரியாது. அந்தப் புண்ணைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

மறுநாளிலிருந்து இரண்டு வேளையும் நான்தான் ஊசி போட்டேன். பிஸ்மி சொல்லிச் சட்டையைத் தூக்குவார். சில மாதங்களில் புண் ஆறியது. எனக்குச் சந்தோஷத்தைவிட உறுத்தல்தான் அதிகம்.

போன வாரம் மண்டிக் கூட்டாளியை வீட்டுக்கு அழைத்து வந்தார். அவருக்கும் சர்க்கரை, அதே தயக்கம்.

"எம் மக பொய் சொல்ல மாட்டா. அவ வாயாலயே கேளுங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நொதி, அந்தத் தாள், எனக்குத் தெரியாதது, எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டாளி யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினார். அத்தா வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். 

சாயங்காலம் ஊசியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கையை நீட்டினார்.

"குடு. இனிமே நானே போட்டுக்கிறேன்."

சட்டையைத் தூக்கி, எங்கே குத்துவது என்று தடுமாறினார். ஆனாலும் ஊசியை என்னிடம் திருப்பித் தரவில்லை.