பேட்டரி பக்கம் குனிந்திருந்தேன்

எங்கள் லயத்துக்கு டிவி முதலில் வந்தது. கரண்ட் பல வருஷம் கழித்துத்தான் வந்தது. யட்டியாந்தோட்டைக்கு மேலே ரப்பர் மலையில் தோட்டத்து ஆட்களுக்காகக் கட்டிய, பன்னிரண்டு காம்பரா ஒரே வரிசையாக உள்ள லயம் அது. கடைசியில் இருந்த தொங்கல் காம்பரா எங்களுடையது. ஃபேக்டரியிலும் தொரை பங்களாவிலும் லைட் எரிவதை வாசலில் நின்றே பார்க்கலாம். எங்களுக்குக் குப்பி லாம்புதான். என் கல்யாணத்துக்கு மச்சான் கொடுத்த சின்னக் கறுப்பு வெள்ளை டிவியை நான் ஒரு பழைய வேன் பேட்டரியில் ஓட்டினேன்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பெயர் கூப்பிட்டால்கூட என் குரல் மெதுவாகத்தான் வரும். "ஆளு வந்திருக்கா, காத்து வந்திருக்கா?" என்று கங்காணி கேலி செய்வார். பள்ளிக்கூடமும் எட்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் பேட்டரி என்றால் லயத்தில் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை அதைச் சாக்கில் கட்டி, தலையில் சும்மாடு வைத்து, சார்ஜ் ஏற்ற பஜாருக்குத் தூக்கிக்கொண்டு போவேன். கடைக்காரப் பாஸ் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பார்ப்பார். குழாய்க்குள் ஒரு மிதவை இருக்கும். அது எழும்பி நின்றால் சார்ஜ் இருக்கிறது. படுத்துக் கிடந்தால், "மல்லி, மே பெட்டரி எக்க இவரய்," என்பார். சிங்களத்தில், தம்பி, இந்தப் பேட்டரி முடிந்தது என்று அர்த்தம். முடிந்தது என்று சொல்லிக்கொண்டே சார்ஜுக்கும் போடுவார். அந்தத் தண்ணீர் பட்ட இடமெல்லாம் என் சட்டைகளில் ஓட்டை விழுந்திருந்தது.

பேட்டரி இறங்க இறங்கப் படம் சுருங்கும். முதலில் இரண்டு ஓரத்திலும் கறுப்பு ஏறும். அதில் இருக்கிறவர்கள் ஒல்லியாகிக்கொண்டே வருவார்கள். கடைசியில் நடுவில் ஒரு புள்ளி மட்டும் மிஞ்சும். படம் போன பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருக்கும். புள்ளியும் அணைந்துவிட்டால், பார்த்துக்கொண்டிருந்த எங்கள் முகங்கள்தான் கண்ணாடியில் தெரியும்.

பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய ஒரே மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நின்றான். மாதம் ஒரு கடிதம் போடுவான். திடீரென்று கடிதம் நின்றுபோனது. அக்காவும் புருஷனும் கொழும்புக்குப் போய் விசாரித்தார்கள். "வேலைய விட்டுட்டுப் போயிட்டான்" என்பதைத் தவிரக் கடைக்காரர் வேறொன்றும் சொல்லவில்லையாம். அது சண்டைக் காலம். எங்கள் பையன்கள் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தூங்கிய காலம்.

அந்தச் சமயத்தில்தான் பேட்டரி கிளிப்பின் வயர் அறுந்தது. சுற்றுவதற்கு டேப் இல்லை. காலையில் பால் வெட்டப் போகும்போது, முதல் நாள் வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை மரத்திலிருந்து உரித்தெடுப்போம். அதில் ஒரு நீளத் துண்டை இழுத்து வயரில் சுற்றினேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. இதற்குப் போய் யாராவது டேப் வாங்குவார்களா என்று எனக்குள் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் காம்பரா கூரை தகரம். பகல் வெயிலில் ஒட்டுப்பால் இளகி, கிளிப்பின் பல்லுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே இறங்கியிருக்கிறது. ரப்பர் கரண்டை விடாது. ரப்பர் தோட்டத்திலேயே பிறந்த எனக்கு அது தெரியாமல் போய்விட்டது.

அன்று சாயங்காலம் தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. லயத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டிவியை ஒட்டி என் இடம். எனக்குப் பின்னால் அக்கா. செய்தி நடுவே படம் சுருங்கியது. "என்னாப்பா, ஆளுங்க எல்லாம் பட்டினியா?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் மேசைக்கடியில் குனிந்து கிளிப்பை ஆட்டினேன். அப்போதுதான் அக்கா கத்தினார்.

"அந்தா! என் புள்ள! அந்தா உக்காந்திருக்கான்!"

நான் தலையைத் தூக்குவதற்குள் புள்ளி மட்டும்தான் இருந்தது. ஆர்மிக்காரர்கள் சுற்றிவளைத்துப் பிடித்த பையன்களை வீதியோரம் வரிசையாக உட்கார வைத்திருந்தார்களாம். படம் சுருங்கிப்போனதால் முகம் சரியாகத் தெரியவில்லை என்றே மற்ற எல்லாரும் சொன்னார்கள். அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"தம்பி, நீதானே கிட்ட இருந்த? நீ பாத்தியா? அவன்தானே?"

பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டம் பார்த்தால் எனக்கு வாய் வராது. கிளிப்பைத்தான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு அந்த வீடு மூன்று வருஷம் ஓடியது. அக்கா மறுபடி கொழும்புக்குப் போனார். போன இடமெல்லாம், "பக்கத்து வீட்டுத் தம்பியும் கண்ணால பாத்திச்சுங்க," என்றாராம். எங்கும் பதில் கிடைக்கவில்லை. தினமும் செய்தி நேரத்துக்கு வந்து அதே இடத்தில் உட்காருவார். "நியூசுக்கு முன்ன பேட்டரி எறங்கிறக் கூடாது தம்பி," என்பார். அதனால் சினிமாப் படம் போடுவதை நிறுத்தினேன். "பேட்டரிய பூட்டி வச்சு அடைகாக்குறியா?" என்று லயமே என்னைக் கேலி செய்தது. செய்தி முடிந்து டிவியை அணைத்த பிறகும் அக்கா புள்ளி அணையும்வரை எழுந்திருக்க மாட்டார். கண்ணாடியில் அவர் முகம் எங்கள் எல்லாருக்கும் முன்னால் தெரியும். என் மனைவி, "எனக்குப் பயமா இருக்குங்க. அது நம்மளப் பாக்குற மாதிரியே இருக்கு," என்பாள். எதைச் சொன்னாள், அக்காவையா கண்ணாடியையா என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் அக்காவின் புருஷன் பால் ஸ்டோரில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, நீ பாத்தது எனக்குத் தெரியும். ஆனா மூணு வருசமாச்சு. பய இல்லேன்னா அதுக்கு ஒரு காரியம் செய்யணுமில்ல? காக்காய்க்கு ஒரு பிடி சோறு வைக்க விடமாட்டேங்கிறா. தம்பி பாத்திருக்கு, தம்பி பாத்திருக்குன்னே சொல்றா. நீயே சொல்லேன், உனக்கு நல்லாத் தெரிஞ்சுதா?"

பால் வாளியைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

அந்த வாரம் சார்ஜ் ஏற்றிய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறினேன். அக்காவும் கூட வந்தார். நல்ல மழை. பேட்டரி நனையக் கூடாது என்று குடையை அதற்குப் பிடித்தபடி பின்னால் நனைந்துகொண்டே வந்தார். தலையில் பாரம் இருந்ததால் என்னால் திரும்ப முடியாது. திரும்ப வேண்டியதில்லை என்பதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது போலிருக்கிறது. பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நான் பாக்கலிங்க. பேட்டரி பக்கம் குனிஞ்சிருந்தேன். கிளிப்பு விட்டுப்போச்சு. நான் சுத்துன ஒட்டுப்பாலுதான் காரணம். எல்லாரும் இருந்தாங்க, அதனால ஆமான்னுட்டேன்."

குடை என் தலைமேல்தான் இருந்தது. கொஞ்சமும் நகரவில்லை. அவர் திட்டியிருந்தால், குடையோடு திரும்பிப் போயிருந்தால், அதை நான் மறந்திருப்பேனோ என்னவோ. பாலத்தடி வரை வந்த பிறகு சொன்னார்:

"அப்ப நான் ஒருத்திதான் பாத்திருக்கேன்."

மூன்று நாள் அவர் வரவில்லை. நான் மட்டும் செய்தி நேரத்துக்கு டிவியைப் போட்டேன். நாலாம் நாள் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். காரியமும் செய்யவில்லை. புருஷன் போய்ச் சேரும்வரை அந்த வீட்டில் அந்தப் பேச்சு முடியவே இல்லை.

பிறகு லயத்துக்குக் கரண்ட் வந்தது. கலர் டிவிகள் வந்தன. ஆனால் எங்கள் பக்கம் சாயங்காலமானால் மழையும் இடியும்தான். இடி முழங்கினால் கரண்ட் போய்விடும். பழைய டிவியைத் தூக்கிப்போடு என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அதையும் ஒரு பேட்டரியையும் வைத்துக்கொண்டேன். கிளிப்புக்கு டேப் சுற்றி, முனைகளைச் சுடுதண்ணீரில் கழுவி கிரீஸ் பூசி வைப்பேன். அக்காவுக்கு அதற்குள் இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்துவிட்டது. ஆசுபத்திரிக்குக் கூப்பிட்டால், "இனிப் பாத்து என்ன," என்பார். ஆனால் செய்தி நேரம் தவறாது. சுவரைத் தடவிக்கொண்டு வருவார். டிவிக்கு முன்னால் உட்கார்ந்து என் பக்கம் காதை வைத்துக்கொள்வார்.

"பாரு தம்பி. இருக்கானா?"

"இல்லக்கா."

"சரி."

என்னுடைய ஆமாம் பொய் என்று தெரிந்தவர் என்னுடைய இல்லையை எப்படி நம்புகிறார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவரிடம் கேட்டதில்லை.

சண்டை முடிந்த வருஷம் ஒருநாள். மழை, கரண்ட் இல்லை. பேட்டரியில் பழைய டிவி ஓடியது. செய்தியில் வடக்கு முகாம்களில் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் காட்டினார்கள். கம்பிக்குப் பின்னால் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆம்பிளைகள், பொம்பிளைகள், பிள்ளைகள். அந்தப் பையனை நான் கடைசியாகப் பார்த்தபோது மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. இப்போது முப்பது தாண்டியிருக்கும். எந்த முகத்தில் அவனைத் தேடுவது? ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இரண்டு ஓரத்திலும் கறுப்பு ஏறத் தொடங்கியது. சத்தம் மாறியதை வைத்து அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. பேட்டரி இறங்குகிறது, அல்லது கிளிப் விட்டுப்போகிறது. என் கை தானாகவே மேசைக்கடியில் போனது.

அக்கா இருட்டில் என் முழங்கையைப் பிடித்தார்.

"குனியாம பாரு."

கையை எடுத்துக்கொண்டேன். முகங்கள் இரண்டு பக்கமும் நசுங்கி ஒல்லியாகிக்கொண்டே வந்தன. யாரோ ஒருவன் திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு யாரையும் அடையாளம் சொல்ல முடியாத அளவுக்கு வரிசை சுருங்கியது. கண்ணை எடுக்காமல், நடுவில் புள்ளி அணையும்வரை பார்த்தேன்.

"இல்லக்கா," என்றேன்.

அவர் என் முழங்கையை விடவில்லை.