யோசுவா அண்ணனின் கடையை எடுக்கச் சொன்ன மனு

கிழக்குத் தாம்பரத்தில் இருந்த யோசுவா அண்ணனின் சவப்பெட்டிக் கடையை எடுக்கச் சொல்லி நகராட்சிக்குப் போன மனுவை எழுதியவன் நான். அந்த மனுவுக்கு யோசுவா அண்ணன் கொடுத்த பதிலை எழுதியவனும் நான்தான். இரண்டில் எது பெரிய பாவம் என்று கேட்டால், இரண்டாவதுதான்.

போன வாரம் கண் டாக்டரிடம் போய்விட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். சொட்டு மருந்து விட்டிருந்ததால் தெருவே மங்கலாகத் தெரிந்தது. அப்போது வார்னிஷ் வாசனை வந்தது. கால் தானாக நின்றுவிட்டது. யாரோ ஒரு மொபைல் கடைக்குப் புது அலமாரி அடித்துக்கொண்டிருந்தார்கள். தச்சுவேலை செய்த ஆள் என்னைப் பார்த்து, "இன்னா பெர்சு, கண்ணுல தூசா? தள்ளி நில்லு, இன்னும் வரும்" என்றான். மருந்து என்று சொல்லிவிட்டு நடந்தேன். பாதி உண்மை.

அந்த மொபைல் கடை இருக்கும் இடத்தில்தான் யோசுவா அண்ணனின் கடை இருந்தது. வார்னிஷ், மரத்தூள், அவர் கைக்குட்டையில் தெளித்துக்கொள்ளும் கொலோன், மூன்றும் கலந்து வீசும். அவருடைய தாத்தா ஒரு தள்ளுவண்டியோடு தொடங்கிய தொழில். காலராவில் செத்தவர்களைச் சொந்த மகனே தொடத் தயங்கிய நாட்களில் தாத்தா தொட்டுத் தூக்கினார் என்பார்கள். பிறகு அப்பா, பிறகு யோசுவா அண்ணன், அவருக்குப் பிறகு மகன் டேனியல். எங்கள் சபையில் அவர்கள் கை படாமல் மண்ணுக்குள் போன குடும்பம் ஒன்றுகூட இல்லை. அவர்கள் எந்தச் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள் என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதைத் தெரியாததுபோல் இருப்போம்.

கடைப் பலகையில் 'பெட்டிகள் கிடைக்கும்' என்று மட்டும் எழுதியிருக்கும். ஒருமுறை புது மாப்பிள்ளை ஒருவர் டிரங்குப் பெட்டி வாங்க உள்ளே வந்துவிட்டாராம். "சார், இப்ப அவசரமில்ல. ஒரு அம்பது வருசம் கழிச்சு வா" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். இதை யோசுவா அண்ணன் குறைந்தது முப்பது தடவை என்னிடம் சொல்லியிருப்பார். முப்பது தடவையும் சிரித்திருக்கிறேன்.

பாடகர் குழுவில் அவர் எனக்கு அடுத்த நாற்காலி. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். யாராவது இறந்தால் அடக்க ஆராதனை நோட்டீசுக்கு வாசகம் எழுதிக் கொடுப்பது என் வேலை. "எய்த்து உன்னுது, பொட்டி என்னுது" என்பார். அவர் டேப் வைத்து அளக்கமாட்டார். வெள்ளை நூலைத் தலையிலிருந்து குதிகால் வரை பிடித்து ஒரு முடிச்சுப் போடுவார். கடைசியில் அந்த நூலையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "அவங்க அளவு அவங்களோட போவட்டும் தம்பி, வேற யாருக்கும் அது ஒத்து வராது" என்றார்.

என் மனைவி இறந்தபோது அவர் மனைவி எஸ்தர் அக்காதான் குளிப்பாட்டி, புடவை உடுத்தி, தலை வாரிவிட்டார். பெட்டியை மூடப் போகும் நேரத்தில் அக்கா, "இருங்க, டீச்சரு கண்ணாடி எங்க? கண்ணாடி இல்லாம அவங்களால பைபிள் படிக்க முடியாதே" என்று சொல்லி வீடெல்லாம் தேடி எடுத்து வந்து போட்டுவிட்டார். எனக்கோ என் மகளுக்கோ அது தோன்றவில்லை.

இத்தனையும் வாங்கிக்கொண்டவன்தான் அந்த மனுவை எழுதினேன்.

கடைக்கு எதிரே இருந்த காலி மனையில் அடுக்குமாடி எழும்பியது. நான் அதில் ஒரு வீடு வாங்கினேன். மகளைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. வேறு ஊர்ச் சபை, ஆனால் கிறிஸ்தவர்கள்தான், படித்தவர்கள். காரை எங்கே நிறுத்துவது என்று அவர்கள் தடுமாற, யோசுவா அண்ணன் கடையிலிருந்து இறங்கி வந்து வழி காட்டினார். பிறகு என் தோளில் கை போட்டு, "இன்னா தம்பி, நம்ம பாப்பாவுக்கா? சொல்லவே இல்ல பாத்தியா!" என்றார். மாடியேறும்போது பையனின் அம்மா மெல்லக் கேட்டார்: "அவங்க உங்களுக்குச் சொந்தமா?"

"ஐயோ, இல்லைங்க. கடைக்காரர், அவ்வளவுதான்" என்றேன். சொன்ன வேகம் இப்போதும் காதில் இருக்கிறது.

இரண்டு நாளில் வேண்டாமென்று போன் வந்தது. காரணம் சொல்லவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை. அந்த மாதம் குடியிருப்போர் சங்கத்தில், கடை எதிரே இருப்பதால் வீடு விலை போகவில்லை என்ற பேச்சு வந்தது. "சார், நீங்க தமிழ் வாத்தியார், ஒரு மனு எழுதுங்களேன்" என்றார் செயலாளர். எழுதினேன். சுகாதாரம், போக்குவரத்து நெரிசல், குழந்தைகளின் மனநிலை. சாதி என்ற சொல் அதில் ஓரிடத்திலும் கிடையாது. அதற்காகத்தானே படித்தவனை எழுதச் சொல்கிறார்கள். தட்டச்சு செய்து செயலாளர் கையெழுத்துப் போட்டார். என் பெயர் வேண்டாம், ஒரே சபை என்று சொல்லி விலகிக்கொண்டேன்.

பதினைந்து நாளில் விளக்கம் கேட்டு நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் நேராக என் வீட்டுக்கு வந்தார். வேறு யாரிடம் போவார்?

"எவனோ எய்திப் போட்டுகிறான் தம்பி. நல்லா படிச்சவன் போல கீது. நீதான் பதில் எய்தணும்" என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். உள்ளே பழுப்பேறிய காகிதம், பஞ்சாயத்து காலத்து லைசென்ஸ், அவர் தாத்தா பெயரில். "இந்தத் தெருவுக்குப் பேரு வெக்கறதுக்கு முன்னாடியே நாங்க இங்க கீறோம். இத்த சேத்துடலாமா?"

அந்த ஒரு காகிதம் போதும், கடை நின்றிருக்கும். எனக்கு அது தெரிந்தது.

"பழைய காகிதம் அண்ணே, இப்ப செல்லாது. வெச்சா வீண் குழப்பம்" என்றேன்.

லைசென்ஸை விட்டுவிட்டு, 'கருணை கூர்ந்து', 'ஏழை எளியவர்', 'தங்கள் பாதம் பணிந்து' என்று இரண்டு பக்கம் உருகி உருகி எழுதினேன். மூன்று தலைமுறை தலைநிமிர்ந்து நடத்திய தொழிலை ஒரு பிச்சை விண்ணப்பமாக மாற்றினேன். படித்துக் காட்டியபோது அவர் கண் கலங்கியது. "எவ்ளோ அயகா எய்திக்கிற தம்பி!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடையை எடுத்துவிட்டார்கள். பொழிச்சலூரில் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனார். தலைக்கு மேல் விமானம் இறங்கும் இடம். எங்கள் பக்கத்தில் இறந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே சவ அடக்கக் கம்பெனிகள் வண்டியோடு நின்றன. யோசுவா அண்ணன் நான்கு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்தன்று எஸ்தர் அக்கா என்னைக் கூட்டத்தின் முன்னால் இழுத்து நிறுத்தி, "ஊரே வேடிக்கை பாத்தப்போ எங்களுக்காகப் பேனா எடுத்தவரு இந்த சார்தான்" என்றார். நான் தலை குனிந்து நின்றேன். தன்னடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

மகள் பிறகு நாவலூரில் உடன் வேலை பார்த்த பையனையே கட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

போன வருடம், அக்காவும் இல்லை என்றான பிறகு, பொழிச்சலூருக்குப் போய் டேனியலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மரம் இழைத்துக்கொண்டிருந்தவன், இழைப்புளியைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அம்மாவுக்கு?"

"தெரியாது."

"அப்ப எனக்கு எதுக்கு சார் சொல்றீங்க?" மரத்தை ஒருமுறை இழைத்துச் சீவலைத் தட்டிவிட்டான். "கடை போனப்போ, சர்ச்சுல ஒருத்தனும் நமக்காக வாயத் தொறக்கல, சார் ஒருத்தராவது நின்னாருன்னு அப்பா சாவறவரைக்கும் சொல்லிகினே இருந்தாரு. எங்களுக்கு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். இப்ப அதையும் எடுத்துகினு போறீங்க."

என்னால் முடிந்ததைச் செய்தேன். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். பாதிப் பேர் புதியவர்கள். "எந்தக் கடை அங்கிள்?" என்றான் ஒரு பையன். சபைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய், இனி யாருக்கு என்ன ஆனாலும் டேனியலைக் கூப்பிடுங்கள் என்று நம்பர் கொடுத்தேன். செய்யக்கூடியதாகப் பட்டது அது ஒன்றுதான்.

இரண்டு மாதம் முன்பு மூன்றாவது மாடிப் பெரியவர் இறந்தார். நானே போன் செய்தேன். டேனியல்தான் எடுத்தான். கோபமே இல்லாத குரல்.

"மாடம்பாக்கம் கூப்பிடுங்க, செங்கல்பட்டு கூப்பிடுங்க, வரேன். அந்தத் தெருவுக்கு மட்டும் நாங்க வர்றதில்ல சார்."

பெரியவரின் மகள் கதவருகே நின்றிருந்தார். "வர்றாங்களா அங்கிள்?" என்று கேட்டார். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டு, ஒரு கம்பெனி நம்பரைத் தேட ஆரம்பித்தேன்.