திருமுகத்துக்குப் போகாத சந்தனம்

முருகன் கோயிலில் சந்தனக்காப்பு என்றால், திருமுகத்துக்குச் சாத்துகிற சந்தனம் கொழும்பு வெள்ளவத்தைச் சிவமணி வீட்டிலிருந்துதான் போகும். கணவர் கதிர்காமநாதன் தொடக்கிவைத்த உபயம். அவர் செத்துப்போனபிறகும் கட்டையைக் கல்லில் உரைப்பதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. காப்பு அன்றைக்கு ஒலிபெருக்கியில் அவர் பெயர் வரும். வருசத்தில் ஒருதரம் அந்தப் பெயரை நாலுபேர் கேட்பார்கள். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

இந்த முறை மகன் அபிஷன் அவுஸ்திரேலியாவில் பேர்த் நகரத்திலிருந்து தானே வருவதாகச் சொன்னான். “சந்தனம் வாங்காதேங்கோ அம்மா, இஞ்ச சந்தனக் காடே கிடக்கு. கொண்டுவாறன்.” சிவமணி கோயில் முழுக்கச் சொல்லிவிட்டாள். காப்புக்கு முதல்நாள் வந்ததோ பார்சல் மட்டும். லீவு கிடைக்கவில்லையாம்.

அதிலிருந்த கட்டைகளில் ஒன்றை உரைத்தாள். காய்ந்த பலகையைச் சீவின மாதிரி ஒரு மணம். கை காய்வதற்குள் அதுவும் போயிற்று. போன வருசம் மிஞ்சிய துண்டைப் பக்கத்தில் உரைத்தாள். அறை நிறைந்தது.

“பொய்க்கட்டையை அனுப்பிப்போட்டானோ?” என்று, அவள் வீட்டில் அறை எடுத்துத் தங்கிக் கம்பசில் தாவரவியல் படிக்கும் தனுஷியாவைக் கேட்டாள்.

“பொய்யில்லை அன்ரி, இதுவும் சந்தனந்தான். ரெண்டும் ஒண்டுவிட்ட சகோதரம் மாதிரி. ரெண்டுமே பக்கத்து மரத்தின்ர வேரில உறிஞ்சித்தான் வளரும். எங்கட மரத்தில மணக்கிற எண்ணெய் கூட, நிண்டு பிடிக்கும். அது அவுஸ்திரேலியாவில வறண்ட நிலத்து மரம், எண்ணெய் குறைவு.”

“உறிஞ்சிறதில குறையில்லை, மணந்தான் குறைவு,” என்றாள் சிவமணி.

கடைக்குப் போய் நல்ல கட்டை வாங்கியிருக்கலாம். மகன் அனுப்பினது என்று ஊரெல்லாம் சொன்ன வாய் விடவில்லை. காப்புக்கு வேண்டிய சந்தனம் முழுவதையும் அதிலேயே உரைத்து, பழைய துண்டையும் கரையும்மட்டும் தேய்த்துக் கலந்தாள். மணம் எடுபடவில்லை.

கோயிலில் குருக்கள் கிண்ணத்தை முகர்ந்தார். “வேற கட்டையோ அம்மா?”

“மகன் அனுப்பினது.”

“நல்லது. இதைப் பீடத்துக்குச் சாத்துவம்.”

திருமுகத்துக்கு, புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் பொன்னம்பலம் கொண்டுவந்த சந்தனம் போனது. ஒலிபெருக்கி பொன்னம்பலம் குடும்பத்தைச் சொல்லி ஓய்ந்தது. கதிர்காமநாதன் பெயர் வரவேயில்லை. “மகன் வரேல்லையே?” என்று பக்கத்தில் நின்றவள் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அபிஷன் வீடியோவில் வந்தான். “ஆக்கள் என்ன சொன்னவை அம்மா?”

“நல்ல மணமெண்டவை.”

“அப்ப அடுத்த வருசமும் அனுப்பிவிடுறன்.”

“ஓம், அனுப்பு.”

கடற்காற்றில் பல்கணிக் கதவு அடித்துக்கொண்டிருந்தது. மிஞ்சின கட்டை ஒன்றை எடுத்து அதன் அடியில் செருகினாள். அளவாக இருந்தது.